என் லேப்டாப்புல ஓடுச்சே சார்!

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாலும் சரி, பி.சி.ஏ., எம்.சி.ஏ. படித்தாலும் சரி... இந்த ஒரு டயலாக்கை நிச்சயம் பேசியிருப்பீர்கள். இல்லையென்றால் பக்கத்து பெஞ்ச் பேசக் கேட்டிருப்பீர்கள். ‘என் லேப்டாப்புல ஓடுச்சே சார்!’

ராத்திரி ரெண்டு மணி வரை ஜம்மென்று ஓடிய வெப்சைட். காலையில் லேப் சிஸ்டத்தில் போட்டால் வெள்ளைத் திரை. கமாண்ட் விண்டோவில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு எழுத்து. ஹெச்.ஓ.டி. உங்களை முறைக்கிறார், நீங்கள் டீம்மேட்டை முறைக்கிறீர்கள். இத்தனைக்கும் உங்கள் புரோகிராமில் ஒரு கமா கூட மாறவில்லை. அப்புறம் எப்படி?

மாறியது நீங்கள் எழுதிய புரோகிராம் இல்லை பாஸ். நீங்கள் கடன் வாங்கிய புரோகிராம்!

லைப்ரரி என்பது அதுதான். இட்லிக்கு மாவை நாமே ஊறவைத்து அரைக்கலாம். கடையில் பாக்கெட் மாவும் வாங்கலாம். லாகின் பேஜ், காலண்டர், கிராஃப் என்று யாரோ ஏற்கெனவே அரைத்து வைத்த பாக்கெட் மாவுதான் லைப்ரரி. வேலை மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் மாவு புளித்துப் போனால் இட்லி ஊற்றியவர்தானே திட்டு வாங்க வேண்டும்? அதனால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

வெப் புராஜெக்ட்டுகளில் வரும் லைப்ரரி தகராறுகள் பார்க்க ஆயிரம் மாதிரி தெரியும். கிட்டத்தட்ட எல்லாமே நாலு கேள்விக்குள் அடங்கிவிடும். இருக்கா? எந்த வெர்ஷன்? யாருக்கு யாரோட சண்டை? எந்த மெஷின்? இந்த நாலையும் வரிசையாகக் கேட்கத் தெரிந்துவிட்டால், பாதி ராத்திரியில் சீனியருக்கு போன் போட வேண்டியதில்லை.

பதறாத காரியம் சிதறாது

கேள்விகளுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. சிவப்பு எழுத்து வந்ததும் நம்மில் பலர் செய்வது என்ன? மொத்தத்தையும் காப்பி பண்ணி கூகுளிலோ, ஏ.ஐ. சாட்பாட்டிலோ போடுவது. முதலில் வரும் பதிலை அப்படியே பேஸ்ட் பண்ணுவது. அது வேலைக்கு ஆகாவிட்டால் அடுத்த பதில். இப்படி ஆறு பதிலை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினால், கடைசியில் எது பழைய பிரச்னை, எது நாம் புதிதாக உண்டாக்கினது என்றே தெரியாது.

எர்ரர் மெசேஜ் என்பது திட்டு இல்லை, தகவல். அதை எங்கிருந்து வாசிப்பது என்பதுதான் சூட்சுமம். பைத்தானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். ‘என்ன தப்பு’ என்பது அங்கேதான் இருக்கும். அப்புறம் மேலே ஏறி, உங்கள் ஃபைல் பெயர் வரும் வரியைத் தேடுங்கள். ‘எங்கே தப்பு’ என்பது அங்கே இருக்கும். பிரவுசரில் எஃப்12 தட்டி கன்சோலைத் திறந்தால் இருபது சிவப்பு வரி வரலாம். பயப்படாதீர்கள். முதல் வரியைச் சரிசெய்தால் மற்றதில் பல தானாகவே காணாமல் போகும்.

இருக்கா?

‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’. அதிகம் பேர் பார்க்கும் எர்ரர் இதுதான். அர்த்தம் ரொம்ப நேரடியானது: நீங்கள் கேட்ட லைப்ரரி நான் தேடிய இடத்தில் இல்லை.

நண்பரின் புராஜெக்ட்டை கிட்ஹப்பிலிருந்து எடுத்திருந்தால், அதில் நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டர் இருக்காது. லைப்ரரிகளின் பட்டியல் மட்டும்தான் வரும். சரக்கை நாம்தான் இறக்க வேண்டும். ‘என்பிஎம் இன்ஸ்டால்’ அடித்தால் முடிந்தது.

பைத்தானில் கதை கொஞ்சம் சுவாரஸ்யம். சில லைப்ரரிகளுக்கு வீட்டில் ஒரு பேர், சர்டிஃபிகேட்டில் ஒரு பேர். ‘பில்லோ’ என்று இன்ஸ்டால் செய்துவிட்டு, புரோகிராமுக்குள் ‘பிஐஎல்’ என்று கூப்பிட வேண்டும். ‘ஓப்பன்சிவி-பைத்தான்’ உள்ளே வந்ததும் ‘சிவி2’ ஆகிவிடும். இன்ஸ்டால் பண்ணின பேரைச் சொல்லியே கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது!

இன்னொன்று, இன்ஸ்டால் ஆகியும் ‘இல்லை’ என்று அடம்பிடிப்பது. உங்கள் மெஷினில் இரண்டு பைத்தான் இருக்கலாம். நீங்கள் ஒன்றில் இன்ஸ்டால் செய்துவிட்டு, மற்றதில் புரோகிராமை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். வெறும் ‘பிப் இன்ஸ்டால்’ என்பதற்குப் பதில் ‘பைத்தான் மைனஸ் எம் பிப் இன்ஸ்டால்’ என்று அடித்துப் பழகுங்கள். எந்த பைத்தானைக் கூப்பிட்டீர்களோ அதிலேயே போய் உட்காரும்.

மூன்றாவது, கண்ணில் படாத வில்லன். ஃப்ளாஸ்க் கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் உங்கள் ஃபைலுக்கே ‘ஃப்ளாஸ்க் டாட் பிஒய்’ என்று பெயர் வைத்துவிடுவீர்கள். பைத்தான் முதலில் உங்கள் ஃபோல்டரில்தான் தேடும். நிஜ ஃப்ளாஸ்க்கை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே எடுத்துக்கொண்டு, ‘இதுல ஒண்ணும் இல்லையே’ என்று முழிக்கும். ஃபைல் பெயரை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

எந்த வெர்ஷன்?

லைப்ரரிகளுக்கு 4.17.2 என்பது போல மூன்று எண் இருக்கும். சும்மா அழகுக்கு இல்லை. கடைசி எண் மாறினால் ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். நடு எண் மாறினால் புது வசதி சேர்த்திருக்கிறார்கள். முதல் எண் மாறினால் உஷார்! பழைய பழக்கவழக்கம் மாறியிருக்கிறது, உங்கள் புரோகிராம் உடையலாம். இந்த முறைக்கு செமான்டிக் வெர்ஷனிங் என்று பெயர்.

என்பிஎம் ஒரு லைப்ரரியை இன்ஸ்டால் செய்யும்போது, பட்டியலில் அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு குட்டிக் கூரைக் குறியைப் போட்டுவிடும். ‘முதல் எண் மாறாத வரை புதுசு எது வந்தாலும் எனக்கு ஓகே’ என்று அர்த்தம். ஜனவரியில் நீங்கள் இன்ஸ்டால் செய்ததும், மார்ச்சில் லேப் சிஸ்டத்தில் இறங்குவதும் ஒரே சரக்காக இருக்க வேண்டிய அவசியமில்லை. தலைப்பில் உள்ள டயலாக்கின் ரகசியம் பல நேரம் இதுதான்.

இதற்காகத்தான் 2017-ல் வந்த என்பிஎம் 5-லிருந்து ‘பேக்கேஜ்-லாக்’ என்ற ஃபைல் தானாக உருவாகிறது. எந்த லைப்ரரியில் எந்த வெர்ஷன் உங்களிடம் ஓடியது என்பதை ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கும் நோட்டு அது. ‘என்னடா இது, ஆயிரக்கணக்கான வரி’ என்று அதை டெலிட் செய்பவர்கள் நிறைய பேர். தயவுசெய்து வேண்டாம். புராஜெக்ட்டோடு அதையும் சேர்த்தே கொடுங்கள். மற்ற மெஷினில் ‘இன்ஸ்டால்’ என்பதற்குப் பதில் ‘என்பிஎம் சிஐ’ என்று அடித்தால், அந்த நோட்டில் உள்ளபடியே அச்சு அசலாக இறங்கும்.

பைத்தானில் ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ ஃபைல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் விஷயமே. 2023 செப்டம்பர் கடைசியில் நடந்ததைக் கேளுங்கள். ஃப்ளாஸ்க் என்ற லைப்ரரி தன் வேலைக்கு வெர்க்ஸொய்க் என்ற இன்னொரு லைப்ரரியை நம்பியிருக்கிறது. (ஜெர்மன் மொழியில் அதற்குக் ‘கருவி’ என்று பொருள்!) பலர் தங்கள் ஃபைலில் ‘ஃப்ளாஸ்க் 2.2’ என்று கெட்டியாகப் பூட்டுப் போட்டிருந்தார்கள். வெர்க்ஸொய்க்குக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. அதன் 3.0 வெர்ஷன் வந்தது. ‘யூஆர்எல்-கோட்’ என்ற பழைய ஃபங்ஷனை எடுத்துவிட்டார்கள். அதுவரை சமர்த்தாக இருந்த ஃப்ளாஸ்க் புராஜெக்ட்டுகள், புதிதாக இன்ஸ்டால் செய்த இடத்திலெல்லாம் ‘இம்போர்ட் எர்ரர்’ காட்டிப் படுத்துவிட்டன. முன்வாசலைப் பூட்டிவிட்டு கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதை!

தீர்வு இரண்டு. அவசரத்துக்கு வெர்க்ஸொய்க்கை 3-க்குக் கீழே நிறுத்துவது. நிதானமாக என்றால் ஃப்ளாஸ்க்கையே 3-க்கு ஏற்றுவது. இனிமேல் வராமல் இருக்க, புராஜெக்ட்டுக்கென்று தனி ‘விஇஎன்வி’ அறை ஒன்றை உருவாக்கிக்கொண்டு, எல்லாம் ஓடும்போதே ‘பிப் ஃப்ரீஸ்’ கொடுத்து முழுப் பட்டியலையும் சேமித்து வையுங்கள். நீங்கள் நேரடியாகக் கேட்காமல் கூடவே வந்த லைப்ரரிகளும் அதில் வந்துவிடும்.

சில வெர்ஷன் தகராறுகளில் எர்ரரே வராது. அது இன்னும் கொடுமை. பூட்ஸ்ட்ராப் 4-க்கான யூடியூப் வீடியோவைப் பார்த்து மெனு செய்வீர்கள். புராஜெக்ட்டில் இருப்பதோ பூட்ஸ்ட்ராப் 5. மெனு அழகாகத் தெரியும். க்ளிக் பண்ணினால்... ம்ஹூம், அசையாது! 2021-ல் வந்த பூட்ஸ்ட்ராப் 5-ல் ‘டேட்டா-டாகிள்’ என்ற பெயர் ‘டேட்டா-பிஎஸ்-டாகிள்’ என்று மாறிவிட்டது. நடுவில் ரெண்டே எழுத்து. அதற்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உங்கள் கிளாஸிலேயே இருக்கலாம். எந்த டுட்டோரியலைப் பார்த்தாலும் முதல் கேள்வி: இது எந்த வெர்ஷனுக்கு?

யாருக்கு யாரோட சண்டை?

இருக்கிறது, வெர்ஷனும் சரி. ஆனாலும் ஓடவில்லை. அப்படியானால் உள்ளே இருப்பவர்களுக்குள் ஏதோ தகராறு.

ஜேக்வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் வந்தது, இன்றும் ஏராளமான வெப்சைட்டுகளில் இருக்கிறது. ‘டாலர் இஸ் நாட் டிஃபைண்ட்’ என்று வந்தால், பெரும்பாலும் வரிசை தப்பு. ஜேக்வரி வந்து உட்காருவதற்கு முன்பே அதை நம்பியிருக்கும் ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் கெட்டிமேளம் கொட்டின மாதிரி! ஜேக்வரி வரியை மேலே தூக்கிப் போடுங்கள்.

‘டாலர் டாட் அஜாக்ஸ் இஸ் நாட் எ ஃபங்ஷன்’ என்று வந்தால்? ஜேக்வரி இருக்கிறது, ஆனால் ‘ஸ்லிம்’ ஜேக்வரி. எடை குறைப்பதற்காக அஜாக்ஸையும் அனிமேஷனையும் கழற்றிவிட்ட வெர்ஷன் அது. பூட்ஸ்ட்ராப் 4-ன் ஆரம்ப டெம்ப்ளேட்டில் அதுதான் இருந்தது. காப்பி அடித்தவர்கள் எல்லோரும் அதையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். முழு ஜேக்வரியைப் போட்டால் சரியாகிவிடும்.

ஒரே பேஜில் இரண்டு முறை ஜேக்வரி ஏற்றினால், இரண்டாவது வந்ததும் முதலாவதில் சேர்த்திருந்த பிளக்-இன்கள் எல்லாம் அம்போ! ரியாக்ட்டிலும் இதே கதை உண்டு. ‘இன்வேலிட் ஹுக் கால்’ என்று வந்தால், ஒரு புராஜெக்ட்டுக்குள் இரண்டு ரியாக்ட் காப்பி இருக்கிறதா என்று ‘என்பிஎம் எல்எஸ் ரியாக்ட்’ அடித்துப் பாருங்கள். ஒரு உறையில் ரெண்டு கத்தி இருக்காது இல்லையா!

என்பிஎம்மின் ‘ஈரிசால்வ்’ எர்ரர் இன்னொரு ரகம். ஒரு லைப்ரரி ‘எனக்கு ரியாக்ட் 17 வேணும்’ என்கிறது. உங்களிடம் இருப்பது 18. பஞ்சாயத்து தீரவில்லை என்று என்பிஎம் கைவிரித்துவிடுகிறது. இன்டர்நெட்டில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ‘ஃபோர்ஸ்’ போடு என்பது. அது பஞ்சாயத்தைத் தீர்க்காது, வாயை மூடும். இன்றைக்கு இன்ஸ்டால் ஆகிவிடும்; டெமோவில் நாலாவது க்ளிக்கில் கழுத்தை அறுக்கும். அந்த லைப்ரரிக்கு 18-ஐ ஏற்கும் புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரியாக்ட்டை ஒரு படி இறக்குங்கள், அல்லது லைப்ரரியை மாற்றுங்கள். ‘ஃபோர்ஸ்’ கடைசி மருந்து; அதையும் என்ன செய்கிறோம் என்று தெரிந்து சாப்பிடுங்கள்.

எந்த மெஷின்?

உங்கள் லேப்டாப் விண்டோஸ். வெப்சைட் போய் உட்காரும் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ். விண்டோஸுக்குப் பெரிய எழுத்து ‘ஹெச்’சில் ஆரம்பிக்கும் ‘ஹெடர்’ ஃபைலும், சின்ன எழுத்தில் ஆரம்பிக்கும் ‘ஹெடர்’ ஃபைலும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை ரெண்டு வேறு ஆள். நம் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமே இல்லை. லினக்ஸ் அவ்வளவு பெருந்தன்மை இல்லை! லேப்டாப்பில் ஓடி, சர்வரில் மட்டும் ‘நாட் ஃபவுண்ட்’ வந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஃபைல் பெயர் எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே வைத்துவிட்டால் தலைவலியே இல்லை.

அடுத்தது நோடின் வெர்ஷன். 2021 அக்டோபரில் நோட் 17 வந்தபோது, அதன் உள்ளே இருந்த ஓப்பன்-எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு லைப்ரரி 3-க்கு மாறியது. பழைய வெப்பேக் 4 பயன்படுத்திய ‘எம்டி4’ என்ற அரதப்பழசான கணக்கை அது ஏற்க மறுத்தது. விளைவு, சீனியர் விட்டுப்போன ரியாக்ட் புராஜெக்ட்டைப் புது நோடில் ஓட்டினால் ‘டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்’ என்று புரியாத பாஷையில் ஒரு எர்ரர். ‘லெகஸி புரொவைடர்’ என்று ஒரு செட்டிங்கைப் போட்டு ஓட்டச் சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் அது காலாவதியான பூட்டையே திரும்ப மாட்டுவது. வெப்பேக்கை 5-க்கு ஏற்றுவதுதான் சரியான வழி. எந்த நோட், எந்த பைத்தான் என்பதை புராஜெக்ட்டின் ‘ரீட்-மீ’ ஃபைலில் ஒரு வரி எழுதி வையுங்கள். உங்கள் ஜூனியர் உங்களை வாழ்த்துவார்.

கடன் கொடுத்தவர் யாரு?

இதுவரை பார்த்தது மார்க் சம்பந்தப்பட்டது. இனி பார்ப்பது அதைவிடப் பெரிசு.

2016 மார்ச் 22. ‘கிக்’ என்ற பெயர் யாருக்கு என்பதில், அதே பெயர் கொண்ட மெசேஜிங் கம்பெனிக்கும் ஒரு புரோகிராமருக்கும் தகராறு. என்பிஎம் கம்பெனி பக்கம் நிற்க, கோபித்துக்கொண்ட புரோகிராமர் தன் லைப்ரரிகள் அத்தனையையும் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’. எழுத்துகளுக்கு இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ சேர்க்கும் வெறும் 11 வரி. ஆனால் அதை நம்பி பேபல் போன்ற பெரிய பெரிய கருவிகள் நின்றுகொண்டிருந்தன. உலகம் முழுக்கப் புராஜெக்ட்டுகள் இன்ஸ்டால் ஆகாமல் திணறின. சுமார் இரண்டு மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அதன்பிறகு நினைத்தபோது லைப்ரரியை எடுத்துவிட முடியாதபடி விதியையும் இறுக்கியது. இதில் வேடிக்கை, அடுத்த ஆண்டே ‘பேட்-ஸ்டார்ட்’ என்ற பெயரில் அந்த வசதி ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே வந்துவிட்டது. லைப்ரரி தேடும் முன், மொழியிலேயே அது இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

2024-ல் நடந்தது இன்னும் மோசம். பழைய பிரவுசர்களுக்கு உதவும் ‘பாலிஃபில் டாட் ஐஓ’ ஸ்கிரிப்ட்டை லட்சத்துக்கும் மேற்பட்ட வெப்சைட்டுகள் நேரடியாக அந்த முகவரியிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தன. அந்த முகவரி கை மாறியது. ஜூனில் பார்த்தால், அதிலிருந்து வந்த ஸ்கிரிப்ட் பார்வையாளர்களை வேறு மோசடி தளங்களுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. வெப்சைட் நடத்தியவர்கள் ஒரு வரிகூட மாற்றவில்லை! முக்கியமான லைப்ரரியை உங்கள் ஃபோல்டரிலேயே வைத்துக்கொண்டால் இந்த வம்பு இல்லை. செமினார் ஹாலில் வைஃபை படுத்துவிட்டாலும் டெமோ ஓடும்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஏ.ஐ. சாட்பாட் சில நேரம் உலகத்திலேயே இல்லாத லைப்ரரியை, ரொம்ப நம்பிக்கையோடு இன்ஸ்டால் பண்ணச் சொல்லும். அப்படிச் சொல்லப்படும் பெயரில் விஷமிகள் முன்கூட்டியே ஒரு லைப்ரரியைப் பதிவு செய்து வைத்துக் காத்திருந்தால்? நீங்களே கதவைத் திறந்து திருடனை உட்கார வைத்துக் காபி கொடுத்த மாதிரி. பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அதன் பக்கத்துக்குப் போய் யார் எழுதியது, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். மாதம் ஒரு முறை ‘என்பிஎம் ஆடிட்’ அடித்துத் தெரிந்த ஓட்டைகளைப் பாருங்கள். ரெண்டு நிமிஷ வேலை.

ரிவ்யூவுக்கு முந்தின நாள்

இதை மட்டும் மறக்காமல் செய்யுங்கள்.

ஒன்று, புராஜெக்ட்டை ஒரு புது ஃபோல்டரில், முடிந்தால் வேறொருவர் லேப்டாப்பில், முதலிலிருந்து இறக்கி ஓட்டிப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் எப்போதோ இன்ஸ்டால் செய்து மறந்துபோனதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

இரண்டு, ஓடும் நிலையில் கிட்டில் கமிட் செய்துவிட்டுத்தான் எந்த லைப்ரரியையும் அப்டேட் செய்ய வேண்டும். திரும்பி வர ஒரு வழி இருக்கட்டும். முந்தின ராத்திரி அப்டேட்... கூடவே கூடாது!

மூன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஓட்டிப் பாருங்கள். சரிவரவில்லையா, அதைப் பழையபடி மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நாலு, எதுவுமே புரியவில்லை என்றால், அந்த லைப்ரரியை மட்டும் வைத்துப் பத்து வரியில் குட்டிப் புரோகிராம் எழுதுங்கள். அங்கே ஓடினால் தப்பு உங்கள் புராஜெக்ட்டில். அங்கேயும் ஓடாவிட்டால் தப்பு லைப்ரரியில் அல்லது மெஷினில். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இதெல்லாம் எதுக்கு, எப்படியோ ஓடினால் போதாதா என்கிறீர்களா? கேம்பஸ் இன்டர்வியூவில் ‘உங்க புராஜெக்ட்ல நீங்க சந்திச்ச கஷ்டமான பிரச்னை எது, எப்படித் தீர்த்தீங்க?’ என்று கேட்பார்கள். ‘ஃபோர்ஸ் போட்டேன் சார், ஓடிருச்சு’ என்பதற்கும், ‘ஃப்ளாஸ்க்கை லாக் பண்ணியிருந்தோம், ஆனா அது நம்பியிருந்த லைப்ரரியை லாக் பண்ணலை சார்’ என்பதற்கும் நடுவில்தான் வேலை இருக்கிறது. நாளைக்கு நீங்கள் எழுதும் வெப்சைட்டில் யாரோ ஒருவர் தன் பேங்க் விவரத்தைக் கொடுக்கப்போகிறார். அவர் நம்புவது உங்களை. நீங்கள் எந்த லைப்ரரியை நம்பினீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லைப்ரரியிலேயே தப்பு என்று கண்டுபிடித்தால், சும்மா விடாதீர்கள். எந்த வெர்ஷன், எந்த மெஷின், அந்தப் பத்து வரி என்று சேர்த்து, அதைப் பராமரிப்பவருக்குத் தெளிவாக எழுதிப் போடுங்கள். காசு வாங்காமல் கடன் கொடுப்பவர்கள் அவர்களில் நிறைய பேர். வட்டியாக நாம் கொடுக்கக்கூடியது இதுதான்!